14. கட்டிலுக்குப் பக்கத்தில் காலி இடம்

நிஜாமுதீன் கான்ட்ராக்டர் தேதி சொன்னால் சொன்னதுதான். முப்பத்தோரு வருஷத் தொழிலில் எத்தனையோ வீடுகளுக்குத் தளம் போட்டிருக்கிறார். ஒன்றைக்கூட ஒரு நாள் தள்ளிப் போட்டதில்லை. மழை வந்தது, லாரி ஸ்டிரைக் வந்தது, ஒரு தடவை கம்பி கட்டுகிறவருக்கு அன்றைக்கே கல்யாணமும் வந்தது. மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு சைட்டுக்கு வந்துவிட்டதாகப் பாலக்கரையில் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது தன் சொந்த வீட்டுக்கு நாள் குறித்திருந்தார். திருவானைக்காவல் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் அந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்குக் கூரை, அதாவது மாடிக்குத் தரை, நாளை வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் போட்டாக வேண்டும். காங்கிரீட் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்லியாயிற்று. பலகை அடித்துக் கம்பியும் கட்டியாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று.

தளம் போடுகிற அன்று வேலை செய்பவர்களுக்கு வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது வழக்கம். கையில் இருப்பதைப் பொறுத்துத் தக்காளி சாதப் பொட்டலமாகவும் இருக்கும், இலை போட்ட விருந்தாகவும் இருக்கும். அடுத்தவர்களுக்கு வீடு கட்டி முப்பத்தோரு வருஷம் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்ட மனுஷன், தன் முறை வந்ததும் விடுவாரா? சமையல்காரர் ரசூல் பண்டாரியிடம் எண்பது பேருக்குச் சொல்லிவிட்டார். சைட்டில் வேலை செய்பவர்கள் இருபத்திரண்டு பேர். மிச்சம் சொந்தபந்தம்.

போன வாரம் வாசலில் வரப்போகிற இரண்டு பெரிய தூண்களுக்காக அவருக்கும் மகள் ரிஃபானாவுக்கும் நடந்த சண்டையைப் பார்த்தோம். ரிஃபானா ஆர்கிடெக்ட். இந்த வீட்டின் பிளான் அவளுடையது. தூண்கள் மட்டும் அத்தாவுடையவை.

"அது எதையும் தாங்கலையே அத்தா, சும்மா நிக்குதே!" என்று அவள் கத்தினாள்.

"சும்மா நிக்கட்டும். பாக்க நல்லாருக்குல்ல?" என்றார் அவர். தூண்கள் ஜெயித்தன.

அந்தச் சண்டையில் ஒரு வார்த்தையும் பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் வஹீதா. நிஜாமுதீனின் மருமகள், மஸ்கட்டில் இருக்கும் ரஃபீக்கின் மனைவி. நாலு வருஷத்துக்கு முன்னால் கொள்ளிடம் பாலத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள், முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து வீல்சேர். வீட்டில் அதற்குப் பெயர் 'வண்டி'. விபத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒன்பதாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்ததால் டீச்சர் வேலை அதோடு நின்றுபோனது.

வஹீதாவின் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை 'வேண்டாம்.' பேட்டரி வண்டி வாங்கலாமா? வேண்டாம். கல்யாணத்துக்கு வர்றியா? வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க. இந்த வீட்டுக்கு பிளான் போட்டபோது லிஃப்ட் பேச்சும் வந்தது. "ஒரு ஆளுக்காக லிஃப்டா மாமா? எனக்கு மாடியில என்ன வேலை?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்ததால் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

ஆகவே கீழே அவளுக்கென்று எல்லா வசதியும் செய்த ஓர் அறை. மாடியில் ரிஃபானாவுக்கு ஒன்று, வஹீதாவின் ஒன்பது வயது மகள் அஃபீஃபாவுக்கு ஒன்று.

புதன்கிழமை காலை, பாலக்கரை வீட்டில், வேன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அஃபீஃபாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் வஹீதா. பெண் தரையில் உட்கார்ந்திருந்தது. அதன் தலை சரியாக அம்மாவின் மடி உயரத்துக்கு வந்தது.

"அம்மா, புது வீட்டுல எனக்கு யாரு பின்னிவிடுவா?"

"நாந்தான். காலைல இறங்கி வந்துடு."

"தூக்கத்துல பயந்து கூப்பிட்டா?"

வாரத்தில் இரண்டு மூன்று தடவை நடப்பதுதான் அது. பக்கத்துக் கட்டிலிலிருந்து வஹீதா கையை நீட்டி முதுகைத் தட்டிக் கொடுத்தால் போதும், கண்ணைத் திறக்காமலே மறுபடி தூங்கிவிடும்.

"அதான் ரிஃபானா மாமி பக்கத்து ரூம்ல இருக்காங்களே."

"மாமி தூங்குனா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாங்கம்மா" என்றது பெண். அதில் குறை எதுவும் இல்லை, தகவல் மட்டும். வேன் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

வஹீதா சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி எடுத்தாள்.

பத்து மணிக்கு ரிஃபானா காரோடு வந்தாள். முகமெல்லாம் பல். "அண்ணி, இன்னைக்கு நீங்க புது வீட்டுக்குக் குடி போறீங்க. நாங்க எல்லாம் அப்புறம்தான்."

ஸ்ரீரங்கத்தில் மாம்பழச்சாலை தாண்டி ஒரு சின்ன ஆபீஸ். ரிஃபானாவும் அவள் கூடப் படித்த சுபஸ்ரீயும் சேர்ந்து நடத்துகிறார்கள். வாசலில் இருந்த இரண்டு படிகளை உடைத்துச் சரிவாக்கியது ரிஃபானாவின் முதல் வேலை. வண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"வாங்கக்கா, ராத்திரியெல்லாம் சிஸ்டம் ஓடிட்டிருந்தது உங்களுக்காகத்தான்" என்றாள் சுபஸ்ரீ.

நீச்சல்காரர் போடுவது மாதிரி ஒரு பெரிய கண்ணாடி, வி.ஆர். கண்ணாடி. அதைத் தலையில் மாட்டிவிட்டு, வலது கையில் ஒரு சின்னக் கைப்பிடியைக் கொடுத்தாள் ரிஃபானா. "கட்டைவிரலை முன்னாடி தள்ளுங்க. நீங்க முன்னாடி போவீங்க. அவ்வளவுதான்."

வஹீதா தள்ளினாள். இன்னும் கட்டாத வீட்டின் கேட் அவளுக்காகத் திறந்தது.

"யா அல்லா!"

"என்ன அண்ணி?"

"எல்லாம் என் கண்ணுக்கு நேரா இருக்கு."

ரிஃபானாவுக்கு அதைக் கேட்கத்தான் மூன்று வாரப் பாடு. இந்த மாதிரி படத்தில் கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொள்வது நிற்கிற ஆளின் உயரத்தை. அவள் அதை மாற்றி, வண்டியில் உட்கார்ந்தால் அண்ணியின் கண் தரையிலிருந்து எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து, மூன்றே முக்கால் அடி என்று போட்டிருந்தாள். இதோடு முடியவில்லை. வீல்சேர் எந்த வழியாகப் போனால் முட்டாமல் போகும் என்பதையும் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும். போக முடிகிற வழியெல்லாம் தரையில் பச்சைக் கோடு. முட்டினால் சிவப்பு. மூன்று வாரமாகச் சிவப்பைத் துரத்தித் துரத்தி, கதவுகளை அகலப்படுத்தி, திரும்புகிற இடங்களைப் பெரிதாக்கி, வீட்டைப் பச்சையாக்கி வைத்திருந்தாள்.

வஹீதா பச்சைக் கோட்டில் போனாள். வாசலில் படியே இல்லை. அடுப்பு மேடை அவள் மார்பளவுக்குக் கீழே, முட்டி உள்ளே போக அடியில் வெற்றிடம். ஸ்விட்ச் எல்லாம் கைக்கு எட்டுகிற உயரத்தில். தொழுகைக்கு முன் ஒளு செய்கிற இடத்தில் உட்கார்ந்தபடியே கால் கழுவத் தாழ்வாக ஒரு குழாய்.

"இதை யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நீங்க பக்கெட்டை இழுத்து இழுத்து ஒளு செய்யறதை நாலு வருஷமா பாக்கறேனே."

வஹீதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஜன்னல் விளிம்பு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, உட்கார்ந்தே தெருவைப் பார்க்கலாமே என்று சொல்லிக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். பச்சைக் கோடு அங்கே முடிந்தது. எதிரே மாடிப்படி.

கட்டைவிரலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

படிகள் ஒன்றொன்றாகக் கீழே நழுவின.

"ரிஃபா! நான் ஏறிட்டிருக்கேன்!"

ரிஃபானா சிரித்தாள். "அது அப்படித்தான் அண்ணி, கம்ப்யூட்டருக்குப் படியும் ஒண்ணுதான், தரையும் ஒண்ணுதான். போங்க, பாத்துட்டு வாங்க."

மாடி வந்துவிட்டது. கதவு திறந்திருந்த அறைக்குள் போனாள். மாம்பழ மஞ்சளில் சுவர். அஃபீஃபா பிடித்த பிடிவாதம் அந்த நிறம். ஒரு ஜன்னலில் தென்னை மரங்களும் அதற்கு மேலே ராஜகோபுரமும், இன்னொன்றில் தூரத்தில் மலைக்கோட்டை. சைட்டில் பலகை மேல் நின்று ரிஃபானா எடுத்த படங்கள் அவை.

கட்டில் மட்டும் ஏனோ ஒரு மாதிரி போட்டிருந்தது. சுவரோடு ஒட்டாமல், அறைக்குக் கிட்டத்தட்ட நடுவில். பக்கத்தில் பெரிய காலி இடம்.

"கட்டிலை ஏன் சுவத்தோட ஒட்டிப் போடல? இவ்வளவு இடம் வீணா கிடக்கே."

"ஐயோ, அது அஃபீஃபா வேலை அண்ணி. கட்டிலுக்குப் பக்கத்துல இடம் விட்டே ஆகணும்னு ஒரே அடம். எதுக்குடின்னேன். 'அம்மா வண்டி நிக்க இடம் வேணாமா'ன்னா. சரின்னு நானும் அஞ்சடி விட்டு..."

பாதியில் நின்றுவிட்டது ரிஃபானாவின் பேச்சு. சுபஸ்ரீ கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

வஹீதா அந்தக் காலி இடத்துக்குப் போய் நின்றாள். சரியாக இருந்தது. கையை நீட்டினால் தலையணை எட்டும் தூரம்.

பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கின் மேல் அது அழுத்திய தடம். "ரொம்ப நல்லாருக்கு ரிஃபா. ஒரு தடவை பாத்துட்டேன்ல, அது போதும்."

அந்த 'போதும்' ரிஃபானாவைச் சுட்டுவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கீழ் வீட்டுக்கு மட்டும் பார்க்கச் சொல்லியிருந்ததை மாற்றி முழு வீட்டுக்கும் பார்க்கச் சொன்னாள். பச்சைக் கோடு வாசலில் கிளம்பி, சமையலறை சுற்றி, ஹாலைக் கடந்து, முதல் படியில் முட்டியது. அங்கிருந்து மேலே எல்லாம் சிவப்பு.

"பாதி வீட்டை நான் கேக்கவே இல்லை" என்றாள் ரிஃபானா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கறேன். எல்லாருக்குமான கட்டடம்னு கான்ஃபரன்ஸ்ல போய்ப் பேசறேன். என் வீட்டுல உங்களை ஒரு ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தியிருக்கேன். அகலமான கதவு, அவ்வளவுதான்."

"நீ என்ன செய்வே? நாந்தானே வேண்டாம்னேன்."

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் சுபஸ்ரீ. குடும்பத்துக்காரர்கள் கேட்கத் தயங்குவதை வெளியாள் சுலபமாகக் கேட்டுவிடலாம்.

வஹீதா கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டாள். "நாலு வருஷமா தூக்கறதுக்கு ஒரு ஆளு, இறக்கறதுக்கு ஒரு ஆளு. எல்லாரும் எனக்காக எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கீங்க. இன்னும் ஒண்ணு கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. வேண்டாம்னு சொன்னா எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்க. அது ஒரு பழக்கமாயிடுச்சு."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பிளான் பேப்பர்ல இருக்கா? கொண்டா" என்றாள். கணக்கு டீச்சர் குரல்.

பேப்பர் விரிந்தது. பென்சிலும் ஸ்கேலும் வந்தன. "வண்டி நுழையற லிஃப்ட் எவ்வளவு?"

"சுவரோட சேத்து அஞ்சே காலுக்கு அஞ்சே முக்கால் அடி இருந்தா ஆகும்."

"இந்த ஸ்டோர் ரூம் ஆறுக்கு ஆறரை. இதுக்கு நேர் மேல மாடியில என்ன?"

ரிஃபானா மாடி பிளானை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "என் டிரஸ்ஸிங் ரூம்." மூன்று அத்தியாயங்களாக அத்தாவிடம் சண்டை போட்டு வாங்கிய அறை அது.

"போயிடுமே ரிஃபா."

"போகட்டும். பீரோ போதும் எனக்கு."

"அரிசி மூட்டையெல்லாம் மாடிப்படிக்கு அடியில போகும். அப்ப இடம் இருக்கு." பென்சிலால் ஒரு சதுரம் போட்டாள் வஹீதா. "நாளைக்குக் காங்கிரீட் போட்டுட்டா?"

"அப்புறம் உடைக்கணும். போட்ட தளத்தை அத்தா உடைக்க விடுவாங்களா? இன்னைக்கே அந்த இடத்தைத் திறப்பா விட்டாத்தான்."

நிஜாமுதீனுக்குப் போன் போட்டார்கள். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடி போட்டார்கள். மறுபடி அதே.

"சைட்டுக்குப் போலாம்" என்றாள் வஹீதா.

சைட்டில் கீழ் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. மேலே இருக்கும் பலகையைத் தாங்க நூற்றுக்கணக்கில் இரும்பு முட்டுகள். வண்டி ரோட்டிலேயே நின்றது. மேலே, கட்டிய கம்பிகளுக்கு நடுவில், வெயிலில் தொப்பியோடு நிஜாமுதீன் நின்று போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு வீடியோவில் கம்பி காட்டுகிறார். லைன் கிடைக்காததன் காரணம் இதுதான்.

"மாமா!"

எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வாம்மா! கண்ணாடியில வீட்டைப் பாத்தியா? நல்லாருக்கா?"

"நல்லாருக்கு மாமா. கொஞ்சம் கீழ இறங்கி வாங்க."

"அங்கேருந்தே சொல்லும்மா. நல்லாக் கேக்குது. சின்னையா, அந்த மூலைக் கம்பியைப் பாரு!"

வஹீதா சுற்றிலும் பார்த்தாள். மேலே பத்துப் பதினைந்து வேலையாட்கள். எதிர்வீட்டு கேட்டில் ஓர் அம்மாள். மாமனார் முன்னால் இதுவரை அவள் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு பேர் இருக்கிற வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி ஆறு வருஷம் பேசிய குரல் அது. எங்கேயும் போய்விடவில்லை.

"எனக்கு லிஃப்ட் வேணும் மாமா!"

மேலே கம்பி முறுக்கும் சத்தம் நின்றது.

"என்னம்மா?"

"லிஃப்ட். எனக்கு வேணும்."

நிஜாமுதீன் இறங்கி வந்தார். ஏணியில் அவசரமாக இறங்கியதில் ஒரு செருப்பு நழுவி விழுந்தது. அதை எடுக்காமலே வந்தார். கையில் போன் அப்படியே இருந்தது.

"நீதானேம்மா வேண்டாம்னே? மாடியில எனக்கென்ன வேலைன்னு?"

"பொய் சொன்னேன் மாமா."

அவர் மகளைப் பார்த்தார். ரிஃபானா பேப்பரை நீட்டினாள்.

"மாடியில எனக்கு வேலை இருக்கு" என்றாள் வஹீதா. "அஃபீஃபா கட்டிலுக்குப் பக்கத்துல எனக்கு அஞ்சடி இடம் விட்டிருக்கா. ஒம்போது வயசுப் புள்ளைக்குத் தோணியிருக்கு. அது தூக்கத்துல பயந்து கூப்பிடும்போது கீழேருந்து நான் என்ன பண்ணுவேன்? சத்தம் போட்டுப் பாட்டா பாடுவேன்?"

நிஜாமுதீன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. "முப்பத்தோரு வருஷமா பார்ட்டிகளைப் பாக்கறேன். ஒரு ஆளு வேண்டாம்னு சொன்னா, நெசமா வேண்டாமா, கூச்சப்படறாங்களான்னு மூஞ்சியைப் பாத்துச் சொல்லிடுவேன். சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டேனே."

"நாளைக்கு தளம், மாமா. எனக்குத் தெரியும். ரொம்ப லேட்டா சொல்றேன்."

"சின்னையா!" என்று கத்தினார் அவர். பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி சின்னையா ஏற்கெனவே ஏணியில் பாதி இறங்கியிருந்தார். பேப்பரைப் பார்த்தார். பென்சில் சதுரத்தில் விரலை வைத்தார்.

"ஸ்டோர் ரூமா? மூணு பக்கம் பீம் இருக்கு பாய். நாலாவது பக்கத்துக்கு ஒண்ணு கொடுத்துட்டா, நடுவுல திறந்து விட்டுடலாம். இஞ்சினியர் அளவு கொடுக்கணும். பலகையைப் பிரிச்சு, கம்பியை மாத்தி, எப்படியும் நாலு நாளு. நாளைக்குன்னா நடக்காது."

நாளைக்கு நடக்காது. நிஜாமுதீன் கான்ட்ராக்டரிடம் யாரும் சொல்லாத வார்த்தை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். முப்பத்தோரு வருஷம், ஒரு நாள் தள்ளாத கணக்கு, பாலக்கரை முழுக்க அழைப்பு.

அப்போது அவர் கையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அத்தா."

ரஃபீக்கை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். லைன் துண்டிக்கப்படவே இல்லை. இவ்வளவு நேரம் மஸ்கட்டில் அவன் பார்த்தது தரையையும் ஒரு காலில் செருப்பில்லாத அத்தாவின் பாதத்தையும்தான். ஆனால் காது கேட்டிருக்கிறது.

"அத்தா, வஹீதா வேணும்னா சொன்னா?"

"ஆமாப்பா."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க அத்தா. நாலு வருஷமாச்சு அந்த வார்த்தையைக் கேட்டு."

வஹீதா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எதிர்வீட்டு அம்மாளுக்குக்கூடத் தெரிந்திருக்காது. இரண்டும்தான்.

நிஜாமுதீன் மகனிடம் "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு, ரெடிமிக்ஸ்காரருக்குப் போன் போட்டார். "நிஜாமுதீன் பேசறேன். நாளைக்கு லாரி வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமாய்யா, நான்தான் பேசறேன். குரல் மாறலை. தேதிதான் மாறியிருக்கு."

மேலே யாரோ கைதட்டினார்கள். சின்னையா அதட்டியதும் நின்றது. பிறகு சின்னையாவே சிரித்துவிட்டார்.

"ரிஃபானா, இஞ்சினியரைக் கூப்பிடு. பீம் அளவு இன்னைக்கே வரணும். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினார். "வாசல்ல அந்த ரெண்டு தூணு. எடுத்துடு."

"அத்தா!"

"எதையும் தாங்கலைன்னு நீதானே சொன்னே? அந்தக் காசுல லிஃப்டைப் போட்டா ஒரு ஆளைத் தாங்கும்ல."

"ரசூல் பண்டாரிகிட்ட நாளைக்கு வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

நிஜாமுதீன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "அதை எதுக்கு நிறுத்தணும்? தளத்துக்குத்தான் தேதி மாறுது. இத்தனை பேருக்கு நாளைக்குப் பசிக்காதா?"

"தளம் போடாம பிரியாணியா? ஊரு சிரிக்கும் அத்தா."

"சாப்பிட்டுட்டுச் சிரிக்கட்டும். கேட்டா சொல்லு, மத்தவன் எல்லாம் தளம் போட்டதுக்கு ஆக்கிப் போட்டான், நிஜாமுதீன் தளத்துல ஓட்டை விட்டதுக்கு ஆக்கிப் போட்டான்னு." சொல்லிவிட்டு அவரே ரசித்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை நாளைக்கு எண்பது பேரிடமும் சொல்லப் போகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சின்னையா மேலே போய், ஸ்டோர் ரூமுக்கு மேலே வருகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டார். ரிஃபானா கீழேயிருந்து அளவு சொன்னாள். கட்டிய கம்பியை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. முதல் பலகை பெயர்ந்ததும், முட்டுகளுக்கு நடுவே இருட்டாகக் கிடந்த கீழ் வீட்டுக்குள் ஒரு துண்டு வெயில் விழுந்தது. வஹீதா ரோட்டிலிருந்தே அதைப் பார்த்தாள். இன்று சாயங்காலம் வேன் வந்ததும் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு, "மாமா, நாளைக்கு இன்னும் ஒரு ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

"எண்பதோட ஒண்ணு. தாராளமா கூப்பிடு. யாரும்மா?"

"எங்க ஸ்கூல் ஹெச்.எம்."

ரிஃபானா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். அந்த ஹெச்.எம். கெட்டவர் இல்லை. வருஷா வருஷம் பெருநாளைக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுவார். 'கீழ ஒரு கிளாஸ் வந்தா மொதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன் டீச்சர்' என்பார். வஹீதாவும் ஒவ்வொரு தடவையும் 'பரவாயில்ல மேடம், எனக்கு ஒண்ணும் வேண்டாம்' என்று சொல்லிவிடுவாள்.

"ரிஃபா, அந்தக் கண்ணாடியை நாளைக்கு எடுத்துட்டு வா. சாப்பிட்டு முடிச்சதும் அவங்களை என் வண்டியில உக்கார வச்சு, இந்த வீட்டைச் சுத்திக் காட்டலாம்."

"எந்த வீட்டை அண்ணி? லிஃப்ட் இருக்கறதையா, இல்லாததையா?"

"ரெண்டையும்" என்றாள் வஹீதா.

போனில் பெயரைத் தேடி எடுத்து அழுத்தினாள். நாலு வருஷத்தில் அந்த நம்பருக்கு அவளாகப் போட்ட முதல் போன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"வஹீதா டீச்சரா! எப்படி இருக்கீங்க?"

"நல்லாருக்கேன் மேடம். நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும். அப்புறம் மேடம்..." மேலே இன்னொரு பலகை பெயர்ந்தது. வஹீதா உள்ளே விழுந்த அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு வேணும்."